தொண்ணூறில் ஆடும் ஜீப்

டிலானி: எந்த ஸ்பீட்ல ஆட ஆரம்பிக்குது?

றிஸ்வி: தொண்ணூறுல.

அனீஸா: எண்பத்தஞ்சுல.

றிஸ்வி: நீ எங்க எண்பத்தஞ்சுல போனாய்?

அனீஸா: இல்ல... நீங்க சொன்னதத்தான் சொன்னேன்.

றிஸ்வி: நான் தொண்ணூறு எண்டுதானே சொன்னேன்.

டிலானி: சரி சரி, அஞ்சு கிலோமீட்டருக்காக புருசனும் பொஞ்சாதியும் என் கராஜ்ல சண்டை போடாதீங்க. றிஸ்வி நானா, நீங்க சொல்லுங்க. ஆட்டம் முன்னுக்கா, பின்னுக்கா?

றிஸ்வி: முன்னுக்கு... இல்ல, முழு ஜீப்பும்.

அனீஸா: பின்னுக்கு. யாரோ பின் பம்பரைப் புடிச்சி அங்கயும் இங்கயும் இழுக்கிற மாதிரி. பயந்து அக்சலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்னும் கூடும்.

டிலானி: அடேயப்பா! பக்கத்துல உக்காந்து போனவங்க இவ்வளவு விவரமா சொல்லி நான் கேட்டதே இல்ல, ராத்தா.

றிஸ்வி: இவ பக்கத்துலயும் இருக்கல்ல. போன செவ்வாய்க்கிழமை கூட்டாளி ஃபாஸில் கூப்பிட்டான் எண்டு நான் தனியத்தான் கொழும்புக்குப் போனேன். ஹைவேல அரைவாசி போகக்குள்ள ஆடிச்சு. திரும்பி வந்துட்டேன்.

டிலானி: தனியா. சாமான் ஒண்ணும் இல்ல?

றிஸ்வி: ஒரு ஃபைல் மட்டும்... சும்மா, பழைய கடதாசி. அத விடுங்க தங்கச்சி. இருபத்திரண்டு வருஷ ஜீப். 'இது சரிவராது' எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஒரு ஆள் பார்க்க வாறார். குடுத்துப்போடுறேன்.

அனீஸா: குடுக்க ஏலா!

றிஸ்வி: ஏன்த்துக்கு ஏலா? ஆடுற ஜீப்பை வெச்சி என்ன செய்ய?

அனீஸா: ஆடினா திருத்திச் செய்யிற. அதுக்குத்தானே இங்க கொண்டு வந்தோம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் உங்கள விக்கிறேனா?

டிலானி: அத வாங்க யாரும் வர மாட்டாங்க ராத்தா.

றிஸ்வி: சிரிக்காதீங்க ரெண்டு பேரும். நீங்க மெக்கானிக்தானே, முடிவைச் சொல்லுங்க.

டிலானி: சொல்றேன். ரெண்டு நாளா ஜீப்பை இங்க அழகு பார்க்கவா வெச்சிருந்தேன்? கண்டிக்குள்ள ஓட்டினா இந்த நோவு தெரியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல எவன் இருபதைத் தாண்டுறான்? அதனால நேத்து குருநாகலுக்குக் கொண்டு போய் ஹைவேல ஏத்தினேன். மீரிகம வரைக்கும் போய் வந்தேன். ரெண்டு தரம்.

றிஸ்வி: ரெண்டு தரமா? ஏன்?

டிலானி: முதல் தரம் வெறும் ஜீப், நான் மட்டும். ரெண்டாவது தரம் ரூஃப் ரேக்ல நாலு மணல் மூட்டை, உள்ளுக்கு எங்க ஆளுங்க மூணு பேர்.

றிஸ்வி: மணல் மூட்டையா! அந்த ரேக்குல நான் ஒரு குடைகூட வெச்சதில்லையே.

டிலானி: அப்படியா? ரேக்குல பெயின்ட் போயிருக்குங்க. கயிறு இறுக்கிக் கட்டின தடம் புதுசா இருக்கு. யாரோ கிழமைக்குக் கிழமை கனமா ஏத்துறாங்க.

றிஸ்வி: யாரு?

டிலானி: அது எனக்கெப்படி தெரியும்? நான் ஜீப்பைத்தான் பார்ப்பேன்.

றிஸ்வி: அனீஸா? வியாழக்கிழமை வியாழக்கிழமை நீ அக்குறணைக்கு, உன்ட தங்கச்சி ஜெஸீமா வீட்டுக்குத்தானே போறாய்?

அனீஸா: போறேன்தான். புள்ள ஷஹ்மாவை அங்க விட்டுட்டு...

றிஸ்வி: விட்டுட்டு?

அனீஸா: கட்டுநாயக்கவுக்கு வாடகைக்கு ஆள் ஏத்தி ஹயர் போறேன்.

றிஸ்வி: ஏர்போட்டுக்கா? நீயா?

அனீஸா: ஆறு தரம் போயிட்டேன். மடுல்கெல்லப் பக்கத்துப் பொம்புளைகள், வெளிநாட்டு வேலைக்குப் போறவங்க. பொம்புள டிரைவர் எண்டா அவங்களுக்கு நிம்மதி. நாலு பேர், நாலு பெரிய சூட்கேஸ். போகக்குள்ள ஆடும். வரக்குள்ள நான் மட்டும்தான், ஆடவே ஆடாது.

டிலானி: நான் கண்டதும் அதேதான்.

றிஸ்வி: ஒரு வார்த்தை சொல்லல்லையே நீ!

அனீஸா: சொன்னா விட்டிருப்பீங்களா?

றிஸ்வி: விட்டிருக்க மாட்டேன்.

அனீஸா: அப்ப?

றிஸ்வி: ஆடுற ஜீப்ப வெச்சிக்கிட்டு... ஏதாச்சும் ஆகியிருந்தா?

அனீஸா: அந்தப் பயம் எனக்கும் ஈந்திச்சு. நீங்க வந்து 'ஜீப் ஆடுது' எண்டு சொன்னதும் சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்திச்சு. செய்யக் குடுக்க ஒரு வழி கெடைச்சிச்சே.

றிஸ்வி: எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. நான் 'ஆடுது' எண்டதும் நீயும் 'ஓ, ஆடும்' எண்டாய்...

அனீஸா: ஏன் தூக்கிவாரிப் போடணும்?

றிஸ்வி: ஒண்ணுமில்ல. ஏன்த்துக்கு ஹயர்? அதச் சொல்லு.

அனீஸா: பல்லேகல ஃபெக்டரில உங்கள வேலையால நிப்பாட்டி அஞ்சு மாசம். உங்க சட்டைய கழுவ எடுத்தேன். பையில ஆறு பாஸ்போட் படம், வெள்ளைப் பின்னணி. கல்யாணப் படத்துலகூட நீங்க அப்படி நேரா நிக்கல்ல. கட்டாருக்குத்தானே போகப் பாக்குறீங்க?

றிஸ்வி: ஓ. டிரைவர் வேல. ரெண்டு வருஷம். கொழும்புல இன்டர்வியூ வெச்சிருந்தாங்க. அதுக்குத்தான் போனேன்.

அனீஸா: ஏர்போட்டுல ஒவ்வொரு வியாழனும் பாக்குறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் புள்ள. அதுல நம்மட ஷஹ்மாவ வெச்சிப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. நீங்க போகாம ஈக்கத்தான் நான் ஓட்டினேன். இப்ப விளங்கிச்சா?

டிலானி: நான் வேணும்னா ஒரு டீ சொல்லிட்டு வரவா?

அனீஸா: நீங்க போகாதீங்க. ஜீப் தேறுமா, அதச் சொல்லுங்க.

டிலானி: தேறுமாவா? பின் அக்சலை நடுவுல வெச்சிருக்கிற குறுக்குக் கம்பி, அதோட ரப்பர் புஷ் செத்துப் போச்சு. குலுக்கலைத் தாங்குற பின் ஷொக் ரெண்டும் களைச்சுப் போச்சு. மூணையும் மாத்தி, பின் டயருக்குக் காத்து சரியா வெச்சா நாளைக்குப் பின்னேரம் கல்லு மாதிரி ஓடும். நான் கை வெச்ச ஜீப் திரும்ப ஆடினா கராஜ் போர்டைக் கழட்டிடுங்க. ஆனா ராத்தா, கன சூட்கேசை இனிமே மேல ஏத்தாதீங்க. பின்னுக்கு, கீழ வைங்க.

அனீஸா: சரி. வியாழக்கிழமை ஹயர் ஈக்கு.

டிலானி: தாராளமா போங்க. எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் இடிக்குது. நானா, கோவிச்சுக்காதீங்க.

றிஸ்வி: என்ன?

டிலானி: வெறும் ஜீப்பை நான் நூறுல ஒரு கையால ஓட்டினேன். அசையவே இல்ல. ராத்தாவும் அதையேதான் சொல்றாங்க. நீங்க தனியா, ஒரே ஒரு ஃபைலோட போயிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி ஆடுச்சு?

றிஸ்வி: காத்து... அண்டைக்குக் காத்தடிச்சிச்சு...

அனீஸா: காத்தா? இங்க பாருங்க. அந்த இன்டர்வியூவுக்குத் திரும்பக் கூப்பிட்டாங்களா?

றிஸ்வி: இந்தச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

அனீஸா: போறீங்களா?

றிஸ்வி: ஜீப் ஆடவே இல்ல அனீஸா. மீரிகம வரைக்கும் நல்லாத்தான் போனேன். பின் சீட்டுல ஷஹ்மாட ஒத்தச் செருப்பு கெடந்திச்சு, கண்ணாடில தெரிஞ்சிச்சு. அதுக்கு மேல ஓட்ட ஏலாமப் போச்சு. அப்பதான் கட்டார் வேல ஏஜென்ட் ஃபோன்ல கூப்பிட்டான். பொஞ்சாதி புள்ளைய விட்டுட்டு வர ஏலா எண்டு ஒரு ஆம்புள எப்படிச் சொல்ற? 'ஜீப் ஆடுது, திரும்புறேன்' எண்டு சொல்லிட்டேன்.