வரேன் வரேன்

பந்தியில இலை போட்டாச்சுன்னு தெரியுது... சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருது. அதுக்குள்ள ஒரு சின்னக் கதையைச் சொல்லி முடிச்சிடறேன். கேப்பீங்கள்ல?

நம்ம நடையாளர் சங்கத்துல அமலதாஸ்னு ஒருத்தரு இருந்தாரு. ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. இப்ப மகனோட கோயம்புத்தூர் போயிட்டாரு. "எங்கயாவது பேசுனா என் கதையைச் சொல்லு"ன்னு அவரே சொல்லிட்டுப் போனாரு. அதனாலதான் சொல்றேன்.

அவரு சம்சாரம் ரெஜினா. அந்தம்மாவுக்கு எதையும் தனியாப் பாக்கத் தெரியாது. கொடிக்கயித்துல தேன்சிட்டு கூடு கட்டினா, "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்." மலைக்கோட்டைக்கு மேல வானவில் வந்தா, "ஏங்க, சீக்கிரம் வாங்களேன்." நம்மாளு என்ன பண்ணுவாரு? குறுக்கெழுத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, "வரேன் வரேன்..."

இதுல ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? ஒரு தடவை "வரேன்"னு சொல்ற ஆம்பள வருவான். ரெண்டு தடவை "வரேன் வரேன்"னு சொன்னா... வரமாட்டான். பாருங்க, பொம்பளைங்க பக்கம்தான் சிரிப்பு ஜாஸ்தியா இருக்கு.

புள்ள முதல் அடி எடுத்து வச்சப்பவும் அதேதான். "ஏங்க, புள்ள நடக்குறான்..." "வரேன் வரேன்." இவரு பேனாவை மூடி வச்சிட்டு வர்றப்போ, பையன் உக்காந்து சப்பாத்திக் கட்டையை உருட்டிக்கிட்டு இருக்கான்.

அந்தப் பையன்தான் வளந்து ஆளாகி, அப்பா ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேருக்கும் அந்தமானுக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தான். அங்க ஒரு சின்னத் தீவு. முகத்துல கண்ணாடி மாட்டி, வாயில குழாயைக் குடுத்து, தண்ணியில குப்புற மிதக்க விட்டுக் கடலுக்குள்ள இருக்கறதைக் காட்டுவாங்களாம். ஜோடி ஜோடியாக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு ட்யூபு... இந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும், அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும்.

ரெஜினாம்மா இறங்க மாட்டேன்னுட்டாங்க. "உப்புத் தண்ணி எனக்கு ஒத்துக்காது. நீங்க போயிட்டு வாங்க"ன்னு மரத்தடியில போய் உக்காந்துட்டாங்க. இவரும் சரின்னு இறங்கிட்டாரு. இன்னொரு தடவை கூப்பிட்டாரா? கூப்பிடல.

கூட வந்த கைடு அப்பாராவ்னு ஒரு தெலுங்குக்காரரு. படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, "சார், எதைப் பாத்தாலும் வாயைத் திறக்காதீங்க. திறந்தா தண்ணி உள்ள போயிடும்."

கொஞ்ச தூரம் போனதும்... கீழ ஒரு ஆமை. அண்டாவைக் கவுத்து வச்ச மாதிரி அவ்வளவு பெருசு. கடல் புல்லை, மாடு வயல்ல மேயற மாதிரி நிதானமா மேஞ்சுக்கிட்டு இருக்கு. மேயறதை விட்டுட்டு மெதுவா மேல வந்து, இவருக்கு ஒரு கை தூரத்துல தலையை வெளிய நீட்டி, மூச்சு வாங்கிட்டு, ஒரு பார்வை பாத்துட்டு, திரும்பக் கீழ போகுது. அறுபது வயசுல இப்படி ஒண்ணை அவரு பாத்ததே இல்ல. என்ன பண்ணாரு தெரியுமா? ட்யூபோட அந்தப் பக்கம் திரும்பி, "ரெஜினா, இங்க பாரு..."

வாய் நிறைய உப்புத் தண்ணி. அந்தப் பக்கம்... யாருமில்ல.

அப்பாராவ் பிடிச்சுத் தூக்கி இருமல் அடங்க வச்சாரு. இவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, ஆமை இன்னும் கொஞ்ச நேரம் இருக்குமான்னு. மேயுது சார், இருக்கும்னு சொன்னாரு அந்த மனுசன். உடனே கரைக்குத் திருப்பச் சொல்லி, மாட்டின கண்ணாடியைக்கூடக் கழட்டாம மணல்ல ஓடினாரு நம்மாளு.

"ரெஜினா, ஒரு ஆமை நிக்குது. வா, வந்து பாரேன்."

அந்தம்மா குனிஞ்ச தலையை நிமித்தல. என்ன சொன்னாங்க தெரியுமா?

"வரேன் வரேன். நீங்க போங்க."

அமலதாஸ் என்கிட்ட சொன்னாரு, "கோவத்துல சொல்லியிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன்யா. பழிவாங்கச் சொல்லியிருந்தாக்கூடச் சந்தோசப்பட்டிருப்பேன். ஆனா அவ சாதாரணமாச் சொன்னா."

அதோட முடியல. கிட்ட போய்ப் பாத்தாரு. மணல்ல ஒரு நண்டு. முதுகுல சுமந்த சங்கு பத்தாம, பெரிய சங்கு ஒண்ணுக்குள்ள நுழையப் பாத்துக்கிட்டு இருக்கு. இந்தம்மா அதையே பாத்து, தன்னால சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல உக்காந்து, "என்ன பாக்குற?"ன்னு கேட்டாரு.

"ஒண்ணுமில்ல... நண்டு."

அவ்வளவுதான். பழைய ரெஜினாவா இருந்தா அந்த நண்டுக்கு அரை மணி நேரம் கதை சொல்லியிருப்பாங்க. இப்ப அவ்வளவு அழகா ஒண்ணைப் பாத்தும்... அவங்க கூப்பிடல. கூப்பிடறது எந்த வருஷம் நின்னு போச்சுன்னுகூட அமலதாசுக்கு ஞாபகம் இல்ல. நனைஞ்ச துணியோட அங்கயே உக்காந்திருந்தாரு. கடல்ல ஆமை போயே போச்சு.

ஏன் சொல்றேன்? குருவி, வானவில், நண்டு... இதெல்லாமா பெரிய விஷயம்? இல்லய்யா. "இங்க வந்து பாரேன்"னு ஒருத்தர் கூப்பிட்டா, அந்தப் பொருளைப் பாக்கவா கூப்பிடறாங்க? நீ பக்கத்துல இல்லாம அது எனக்கு முழுசா இல்லன்னு சொல்றாங்க. நாப்பது தடவை சொல்லிப் பாப்பாங்க, ஐம்பது தடவை சொல்லிப் பாப்பாங்க. அப்புறம் தனியாப் பாக்கக் கத்துக்குவாங்க. வீடு ரொம்ப அமைதி ஆயிடும். அந்த அமைதியை நிம்மதின்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

நான் "வரேன் வரேன்"னு சொன்னப்போ மூணாவது வரிசையில ஒரு அம்மா சிரிக்கல. அது என் வீட்டுக்காரம்மா. சிரிக்காததை நான் பாத்துட்டேன்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் யாராவது "இங்க வந்து பாரேன்"னு கூப்பிட்டா, சுவத்துல பல்லியா இருந்தாலும் சரி... எந்திரிச்சுப் போங்க. யாருமே கூப்பிடலன்னா, கொஞ்சம் பயப்படுங்க. மெல்லப் பக்கத்துல போய் உக்காந்து, "நீ என்ன பாக்குற?"ன்னு நீங்களே கேளுங்க. முதல் நாள் "ஒண்ணுமில்ல"ன்னுதான் பதில் வரும். மறுநாளும் போய் உக்காருங்க.