மழைக்கு நின்றுபோன கேரட் பண்ணை

மலேசியாவில், ரந்தாவிலிருந்து சிரம்பான் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டையுடன் இரண்டு பெண்கள். என் மகள் வயதுதான் இருக்கும். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"அந்த ஆள நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு அடைச்சிட்டேன் ஷாலு. சாகிற வரைக்கும் கேரட் புடுங்கட்டும்."

இறங்குவதற்கு மணியை அழுத்த வேண்டிய கை கம்பியிலேயே இருந்துவிட்டது.

"கேம்ல ஒரு பண்ணை கட்ட இவ்ளோ நாளாடி? அது தானா ஓடலன்னா இடிச்சிட்டு கோட்டை கட்டுவேன்னு உங்கண்ணன் சொன்னானே?"

விளையாட்டு என்று தெரிந்தபோது என் நிறுத்தம் தாண்டியிருந்தது.

"ஓடுது லா! இத்தன நாளா ஏன் நின்னு நின்னு போச்சு தெரியுமா? மழை. கேம்ல மழை பேஞ்சா அந்த விவசாயி ஆளு வேலைய விட்டுட்டு மூலையில போய் நின்னுக்குவான்."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நேத்து காலையில இங்க நல்ல மழை. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டு இல்லன்னு அம்மா வீட்டுல உட்காந்து டீ குடிச்சிச்சு. அதப் பார்த்ததும் புரிஞ்சிச்சு. உடனே அவனுக்கு மேல கூரை போட்டேன். கோயிலுக்குப் போயிட்டு வந்து கேம்ல கேரட் சேர்ற பெட்டியத் திறந்தா, வைக்க இடமில்ல. அவ்ளோ கேரட்!"

"அண்ணன் என்ன சொன்னான்?"

"கேம்ல அவன்கிட்ட சாப்பாடு தீந்துபோச்சு. பாப்பா, ரெண்டு கேரட் குடுன்னு வந்து நிக்கிறான்."

"குடுத்தியா?"

"தோட்டத்து ஆளுங்க மாதிரி காலையில பெரட்டுக்கு வந்து வரிசையில நில்லு, பேர் கூப்பிடுறேன்னுட்டேன்."