கஞ்சி பிரமாதம்

கஞ்சி வைப்பது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் டாக்டரம்மா. அடிப்பிடிக்காமல் வைக்க ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. தட்டைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார். "இதுல உப்பு எங்க? நான்தான் தேடிக் கண்டுபிடிக்கணுமா?" என்பார். விருந்தாளிகள் முன்னாலும் அதே பாட்டுத்தான். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை வாய் தவறிக்கூடப் பாராட்டியதில்லை. எனக்கு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. ஓயாத ஏப்பம், நெஞ்செரிச்சல், சட்டைப்பையில் எப்போதும் சப்பிச் சாப்பிடும் மாத்திரை. காரம் போனது, புளிப்பு போனது, என் கஞ்சி வந்தது. முதல் கரண்டியை விழுங்கியதும், "அப்பாடா, நல்லா இருக்கும்மா" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நீங்கள்தான் குட்டையைக் குழப்பினீர்கள். இரைப்பையில் கிருமி இருக்கலாம், பையில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்தால் தெரிந்துவிடும், இருந்தால் மருந்தில் ஒழித்துவிடலாம் என்றீர்கள். அதற்கு முன், அவர் தினமும் போட்டுவந்த, அமிலத்தைக் குறைக்கும் கேப்சூலை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பதுங்கிக்கொள்ளும், பரிசோதனையில் அகப்படாது என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னீர்கள்.

அவர் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. தினமும் ஒரு கேப்சூலைப் பிரித்து, உள்ளேயிருந்த குருணையைக் கஞ்சியில் கலந்தேன். "இன்னிக்குப் பிரமாதம் போ" என்றார். பிழை திருத்துபவர் கண்ணில் அது படவில்லை. கிருமி இல்லை என்றுதான் முடிவு வந்தது. நீங்கள்கூட ஆச்சரியப்பட்டீர்கள்.

நேற்று அவர் ரத்தவாந்தி எடுத்ததும் நான்தான் ஆட்டோ பிடித்து இங்கே கொண்டுவந்தேன். புண் ஆழமாக இருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். ரொம்ப நாளைக்குக் கஞ்சிதான் என்றும் சொன்னீர்கள், இல்லையா?

கெட்ட எண்ணம் இருந்தால் நானே இதையெல்லாம் சொல்வேனா? நடுவில் எனக்கும் வயிறு எரிந்தது. வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. வேறொரு டாக்டரிடம் போனேன். நானும் போட்டுக்கொண்டிருந்த கேப்சூலை ஒழுங்காக நிறுத்தி, ஊதிக் காட்டி, கிருமி இருக்கிறது என்று தெரிந்ததும் கொடுத்த மருந்தை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டு முடித்தேன். எனக்கும் உடம்புக்கு வந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது?