அந்த வீட்டு ரொட்டி

ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகாரியம்மா. காலையில் சுட்டது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டால் நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிட்டதாக யாரும் சொல்லப்போவதில்லை. சொல்வார்களோ? சரி, உங்கள் விருப்பம். தேநீராவது குடியுங்கள்.

என் பெயர் உம்சுனை. முதலில் அதை எழுதுங்கள். ஜிபாரின் தங்கை என்று எழுத வேண்டாம். உங்கள் ஓட்டுநர் வாசலில் நின்று யாரிடமோ போனில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது.

என் அக்கா ஜிபாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மிரட்டி மணமுடிக்கும் வழக்கத்தை எதிர்த்து அவள் பாடிய பாட்டை இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடுகின்றன. தொலைக்காட்சியில் அவள் கண்ணைத் துடைத்தால் தலைநகர் பிஷ்கெக் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நல்ல குரல், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு எந்தக் கிழவியும் வாசற்படியைவிட்டு எழுந்ததில்லை.

அந்த வாசற்படிகளுக்குப் போனவள் நான். தூக்கிவந்த பெண், சம்மதத்துக்கு அடையாளமாகத் தலையில் கட்டிவிடும் வெள்ளை முக்காட்டை உதறிவிட்டு ஓடப் பார்ப்பாள். உடனே வீட்டின் மூத்த கிழவி வாசலில் குறுக்கே படுத்துவிடுவாள். அவளைத் தாண்டினால் சாபம், வயிற்றில் பிள்ளை தங்காது. எந்தப் பெண்ணும் தாண்டமாட்டாள். நான் கிழவியின் தலைமாட்டில் போய் உட்காருவேன்.

"உன்னையும் இப்படித்தானே கொண்டாந்தாங்க, ஆத்தா?"

"அதுக்கு இப்ப என்னங்கிறே?"

"அன்னைக்கு இந்த இடத்துல படுத்திருந்தவ எழுந்திருக்க மாட்டாளான்னு நெனச்சியா, இல்லையா?"

சில கிழவிகள் என்மேல் துப்பினார்கள். சிலர் எழுந்தார்கள். எழுந்த வீடுகளிலிருந்து பெண்கள் தங்கள் அம்மாவிடம் திரும்பிப் போனார்கள். மறுநாள் செய்தியில், 'ஜிபாரின் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி' என்று வரும். ஜிபாருக்கு இயக்கம் எதுவும் கிடையாது. குரல்தான் இருந்தது.

ஊர்க்கூடங்களில் பேசப் போனாலும் இதே கதைதான். ஒரு ஊரில் தலைவர் எழுந்து நின்று கையைத் தட்டினார்.

"இதோ நம்ம ஜிபாரோட தங்கச்சி! முதல்ல அக்கா பாட்டு ஒண்ணு பாடட்டும், பேச்செல்லாம் அப்புறம்."

"எனக்குப் பாட வராதுங்க."

"ஒரே வயித்துல பொறந்துட்டுப் பாட வராதா? அப்ப ஆடவாவது ஆடு!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பேசினேன். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அக்காவிடம் ஒருமுறை போனில் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பொண்ணை மீட்டது நான்."

"யாரு மீட்டா என்னடி, பொண்ணு வந்துச்சுல்ல?"

"அப்ப என் பேரைப் போடச் சொல்லு."

"இந்த வயசுல உனக்கு எதுக்குடி தனியா ஒரு பேரு? என் பேரை வச்சுக்கோ. அது ரெண்டு பேருக்கும் தாங்கும்."

அன்பாகத்தான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல நான் இங்கே உட்காரவில்லை.

நான் யோசித்ததைச் சொல்கிறேன், நீங்களே தவறு கண்டுபிடியுங்கள். ஆடு மேய்ப்பவன் மகளைத் தூக்கினால் ஊர் ஒரு நாள் பேசும், பிறகு கல்யாண விருந்தைச் சாப்பிடும். நாடு எழுந்து உட்கார வேண்டுமென்றால், நாட்டுக்குத் தெரிந்த வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். அவளை மீட்பதை எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும். இதுவரை யாரும் செய்யாததைச் செய்து மீட்க வேண்டும். கிழவியிடம் கெஞ்சி எழுப்புவதல்ல, தாண்டுவது.

பெர்மெட் ஜிபாரின் ஒரே மகள். கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளைக் குதிரைமேல் முதலில் உட்கார வைத்தது நான்தான். அவளுக்கும் பாட வராது. "சித்தி, நாம ரெண்டு பேரும் காக்கா கட்சி" என்பாள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் என் வீட்டுக்கு வந்து ஆப்பிள் பறித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

சென்ற ஆண்டு அப்படி வரும்போதுதான் தூக்கினார்கள். வேனிலிருந்து பாப்ளர் மரத் திருப்பத்தில் இறங்கியிருக்கிறாள். குபான் என்பவனும் அவன் நண்பர்களும் காரோடு நின்றிருக்கிறார்கள். வழி முழுக்க அவர்களைக் கடித்துக்கொண்டே போனாளாம். குபான் வீட்டு முற்றத்துக்கு அவர்களுக்குப் பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்தேன்.

ஆமாம், நல்ல கேள்வி. அவ்வளவு சீக்கிரம் எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

குபானின் அத்தை தாமிரா அதற்கு முந்தின வாரம் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜிபார் பொண்ணு இந்த வருஷமும் வருதா? ஒரு கல்யாணத்துல பாத்ததுல இருந்து எங்க குபானுக்குச் சாப்பாடே எறங்கல."

"எதுக்குக் கேக்கிறே?"

"நீங்க பெரிய போராட்டக்காரி. உங்ககிட்ட வேற எதுக்குக் கேப்பேன்? சும்மாதான்."

"வெள்ளிக்கிழமை வர்றா. திருப்பத்துல இறங்குவா. எனக்கு முழங்கால் வலி, எதிர்கொண்டு கூப்பிடப் போகப்போறதில்ல."

என் முழங்காலில் வலி எதுவும் இல்லை.

பிஷ்கெக்கிலிருந்து மிரிம் என்ற பெண்ணைக் காமிராவோடு வரச் சொல்லியிருந்தேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அவள்மேல் குற்றம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் பெர்மெட் அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். ஆனால் மலை மேய்ச்சலிலிருந்து மந்தைகள் இறங்கும் பருவம். மிரிமின் கார் ஆடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

முற்றத்தில் நின்றேன். உள்ளே பெர்மெட் கத்துவது கேட்டது. "என் சித்திக்கு மட்டும் தெரிஞ்சுது, உங்க வீட்டையே புரட்டிப் போட்டுடுவாங்க!" என்றாள். காக்கா கட்சிக் குரல்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது.

தாமிரா தட்டோடு வந்தாள்.

"வந்துட்டீங்களா! சண்டை போடுறதுன்னா அப்புறம் போடலாம். முதல்ல ரொட்டி எடுங்க."

பெண்ணைத் தேடி வருகிறவர்கள் அந்த வீட்டு ரொட்டியைத் தொடமாட்டார்கள். தொட்டால் பெண் வீட்டுக்குச் சம்மதம், பேச்சு முடிந்தது. நானே ஊர் ஊராகப் போய் அப்பாக்களிடமும் அண்ணன்களிடமும் சொல்லிக்கொடுத்தது அது: பசித்துச் செத்தாலும் தொடாதீர்கள் என்று. ஆனால் அன்று தொடாவிட்டால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள். பின்பக்கமாகப் பெண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மிரிம் வந்து எதைப் படமெடுப்பாள்? பிய்த்தேன். வெண்ணெய் தொட்டுச் சாப்பிட்டேன். நல்ல ரொட்டி.

ஜன்னல் திரை விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் நின்றது. தொண்டை காய்ந்திருக்கும், பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன்.

மிரிம் வந்து காமிராவைத் தோளில் ஏற்றிய பிறகு வீட்டை நோக்கி நடந்தேன். கிழவி வாசலில் படுத்திருந்தாள்.

"தாண்டினா நாசமாப் போவே."

"எனக்குப் பிள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. நாசமாப் போறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? நீ படுத்துக்கோ."

தாண்டினேன். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாட்டில் பார்க்காதவர்கள் யார்?

நாடு பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. பெர்மெட் மூலையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் வெள்ளை முக்காடு. யாரும் அவளைப் பிடித்திருக்கவில்லை. முடிச்சை அவளே போட்டிருந்தாள். அவள் முடிச்சு எனக்குத் தெரியும், குதிரைக் கயிற்றுக்கு நான் சொல்லித்தந்தது.

"வா பெர்மெட், வீட்டுக்குப் போலாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க உதட்டுல ரொட்டித் தூள் இருக்கு, சித்தி."

துடைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டாச்சுல்ல. போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மிரிமிடம் அந்த இடத்தை வெட்டச் சொன்னது நான். முழுப் படத்தை அவள் உங்களிடம் கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை. சின்னப் பெண், தூக்கம் வந்திருக்காது.

ஜிபார் ஊர் வந்து சேர்வதற்குள் பெர்மெட்டுக்கு அந்த வீட்டில் ஓர் இரவு கழிந்துவிட்டது. அம்மா எவ்வளவோ கெஞ்சியும், "இருக்கேன்மா" என்பதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லையாம். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படம் வந்த பிறகு நடந்ததையும் எழுத வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். 'தாண்டு' என்று ஒரு சொல்லைப் பெண்பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். தூக்கிவரப்பட்ட பெண்கள் கிழவிகளைத் தாண்டி வீடு திரும்பினார்கள். சாபம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஊர்க்கூடங்களில் யாரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. பின்வரிசை எழுந்து போகவில்லை. ஒரு தாய் என் கையை முத்தமிட்டாள். இதெல்லாம் நடக்கவில்லை என்று யாராவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

முதல் பனி விழுந்தபோது பெர்மெட் அந்த வீட்டிலிருந்து கிளம்பினாள். கிழவி படுத்தாளாம், தாண்டியே போயிருக்கிறாள். நான் காட்டியதுதானே? தார்ச்சாலையில் வந்திருந்தால் இருட்டுவதற்குள் என் வீட்டுக்கு வந்திருக்கலாம், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சாலை என் வாசல் வழியாகப் போகிறது. அவள் கணவாய் வழியாகப் போனாள், வீட்டுச் செருப்போடு. குதிரைக்காரர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். குழந்தையை நினைத்து வருந்தாமல் இருப்பேனா? ஆனால் செய்ததற்கு வருந்தச் சொன்னால், மாட்டேன். சந்தையில் சொன்னது நான். முற்றத்தில் தின்றது நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பொதுக் காரியத்துக்காகச் செய்தேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆடுகள் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று வேறு வேலையாக வந்திருப்பீர்கள், ரொட்டியும் சாப்பிட்டிருப்பீர்கள்.

அவள் இறுதிச் சடங்கில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஜிபார் பாடுவாள் என்று கூட்டம் காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. யாராவது பேசியாக வேண்டும் அல்லவா? நான் வெளியே வந்து பேசினேன்.

பேசி முடித்து உள்ளே திரும்பும்போது, வெளியூர்ப் பெண் ஒருத்தி என் அக்காவைக் காட்டி, "சுவரோட சாஞ்சு உக்காந்திருக்கே, அந்தம்மா யாரு?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"தெரியாதா? நம்ம உம்சுனையோட அக்கா."

என் காது நன்றாகக் கேட்கும், அதிகாரியம்மா. அப்படித்தான் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.