நான்காவது மாடி ஜன்னல்

எனக்கு யாரையும் கடிந்து பேச வராது, மேடம். உடம்பைக் குறைக்க வழிகாட்டுகிற எங்கள் வேலைக்கு முதல் தகுதியே அதுதான். உடம்பு பெருத்தவர்களை ஊர் உலகமே திட்டி முடித்திருக்கும். நாங்களும் திட்டினால் வாட்சைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். நான் பாடிக் கறக்கிறவள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அவர்கள் கையில் வாட்ச். நடந்தது, ஏறிய மாடி, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் என் திரைக்கு வந்துவிடும். நான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து "அருமை", "இன்னும் கொஞ்சம்" என்று எழுதினால் அது அவர்கள் மணிக்கட்டில் அதிரும். வாரம் ஒருமுறை போனில் பேசுவேன். துடிப்பு தாறுமாறானால் சிவப்பு எரியும். உடனே அழைத்து உட்காரச் சொல்லி, எங்கள் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். வாட்ச் பட்டையைச் சரியாகக் கட்டாவிட்டாலும் சிவப்பு எரியும் என்பதால் "பட்டை தளர்வு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் சிவப்பு அணைந்துவிடும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஒரு மகராசன் வாட்சைத் தன் வீட்டு வேலைக்காரர் கையில் கட்டிவிட்டுப் படுத்துக் கிடந்தார். கொஞ்ச நாள் பழகினால் துடிப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். என்னை யாரும் ஏய்த்ததில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனி தன் ஆட்களை எங்களிடம் சேர்த்துவிட்டது. எனக்கு வந்தவர்களில் ஒருவர் என் அத்தான். செத்துப்போன என் அக்காவின் கணவர். எங்கள் சொந்தப் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அவருக்கு நான் வெறும் "கோச்". குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அக்கா வீட்டில் நான் பேசிய எதையும் அவர் காதில் வாங்கியதில்லை. அது இப்போது உதவியாகப் போயிற்று.

அவர் வீடு ஆறாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்டைச் சாவி போட்டுத்தான் இயக்க முடியும். அக்காவுக்கு உடம்பு போட ஆரம்பித்ததும் சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். முதலில் பால் வாங்கிவரச் சொல்வார். அவள் ஏறி வந்து மூச்சு விட்டதும் தீப்பெட்டி. பிறகு பேப்பர். விருந்தாளிகள் இருந்தால் இன்னும் குஷி. "ஏறட்டும், கரையட்டும்" என்பார், அவர்களும் சிரிப்பார்கள். அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "நாலாவது மாடியில ஒரு ஜன்னல் இருக்குடி. அங்க நின்னா காத்து வரும். அது இருக்கிறதால தான் ஏறிடறேன்."

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அவளைக் கண்டெடுத்தார்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. டாக்டர் நெஞ்சுவலி என்றார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் அத்தான், "அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். இன்றுவரை அணையவில்லை.

ஆகவே அவரைப் படியேற்றியே கொல்வது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டுக்கு உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாகத்தான் முடிவு செய்தேன். அவர் ஆபீஸில் அந்த வாரம் அதிகம் ஏறியவரின் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். அத்தானுக்குப் புகழ் என்றால் சோறு வேண்டாம். "சார், உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல" என்றேன். அந்த வாரமே அவர் படம் சுவரில் ஏறிவிட்டது.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சோம்பேறி மனுஷன் இப்படி ஏறுகிறாரே என்று. ஒரு நாள் காலையில் போன் செய்தேன். திரையில் அவர் மூன்றாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தார். போனில் முறுக்கோ என்னவோ நொறுங்குகிற சத்தம்.

"இப்பதான் ஏறிக்கிட்டிருக்கேன் கோச். மூச்சு வாங்குது" என்றார். பின்னால் டி.வி. ஓடியது.

"வீட்ல எல்லாரும் ஏறுறீங்களா சார்?"

"எங்க வீட்ல இப்பல்லாம் லிஃப்டையே தொடறதில்ல. சாவி என்கிட்டதான்."

அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பெண்தான் வாட்சைக் கட்டிக்கொண்டு ஏறுகிறாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. ஏற்றம் அவளுக்கு, படம் அவருக்கு.

அவளை எனக்குத் தெரியும். அக்காவின் புடவைகளை எடுத்துவரப் போனபோது பார்த்திருக்கிறேன். அப்போது ஒல்லியாக இருந்தாள், சாவி அவளிடம் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் திரும்பினேன். "படியில எதுக்குக் கஷ்டப்படறே? வா தங்கச்சி" என்று லிஃப்டில் ஏற்றிக் கீழே வரை வந்து விட்டுப்போனாள். பொத்தானை அவளே அழுத்தினாள். என் அக்கா ஆசைப்பட்டும் தொடமுடியாத பொத்தான்.

நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். யோசித்தேன். மேலிடத்தில் சொல்லியிருந்தால் அத்தானின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். அவர் செத்திருந்தாலும் நல்ல மனுஷன் போய்விட்டார் என்று அழுதிருப்பார்கள். ஒரு பெண்டாட்டி படியில் செத்தால் விதி. இரண்டாவதும் அதே படியில் செத்தால்? அப்போது ஊர் அவரை நிமிர்ந்து பார்க்கும். உங்களைப் போல ஒருவர் வந்து கேள்வி கேட்பார். என் அக்காவுக்காக யாரும் கேட்காத கேள்வி.

அதனால் தொடர்ந்து பாடினேன். அவளுக்குச் சிவப்பு எரிய ஆரம்பித்தது. அழுத்தினேன், அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தேன். ரொம்ப தளர்வாகக் கட்டுகிறார் போலிருக்கிறது என்று எங்கள் டாக்டரே ஒருமுறை சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு நல்ல வெயில். நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் நான்காவது மாடியில் நின்றுவிட்டிருந்தாள். அந்த ஜன்னல்தான், சந்தேகமில்லை. துடிப்பு ஓடுவதும் தடுக்கி நிற்பதுமாக இருந்தது. அத்தான் மேலே உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருப்பார். அவள் மணிக்கட்டுக்கு எழுதினேன்: "இன்னும் ரெண்டு மாடிதான். உங்களால முடியும்." படித்திருப்பாள். ஒரு படி ஏறினாள், இன்னொரு படி ஏறினாள். சிவப்பு எரிந்தது. பட்டை தளர்வு என்று அழுத்தினேன். அதற்குப் பிறகு எரியவில்லை.

அத்தான் அந்தச் செய்திகளை உங்களிடம் காட்டிவிட்டாராம். காட்டட்டும், எல்லாம் நான் எழுதியவைதான். என்னைப் பிடித்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். கட்டிவிட்டது அவர் கை, பூட்டியது அவர் சாவி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது.

"அந்தப் பொண்ணு உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" என்று கேட்கிறீர்கள். ஒன்றுமில்லை, மேடம். தங்கமான பெண். எனக்கு அவள் மேல் துளிகூடக் கோபம் கிடையாது. நான் அவளை ஒரு வார்த்தை கடிந்ததும் இல்லை, நீங்களே படித்துப் பாருங்கள். அவளுக்கும் உடம்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ஏறினால் கரையும் இல்லையா? அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.