‘கழட்டு’ என்று சொன்ன வெல்டா ரெம்பெல்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, தம் மேய்ச்சல் நிலத்தை நம் ராக்கெட்டுகளுக்காகத் திறந்துவிட்டிருக்கும் லீலண்ட் கோன் அவர்களே, விச்சிட்டாவிலிருந்து வந்திருக்கும் வெல்டாவின் தங்கை ஆர்டிஸ் அவர்களே, முன்வரிசையை வழக்கம்போல் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நம் பொழுதுபோக்கு ராக்கெட் சங்கத்து நண்பர்களே! நம் வெல்டாவுக்கு அஞ்சலி சொல்ல, உங்கள் தலைவன் என்ற முறையில் எழுந்திருக்கிறேன். நாக்குத்தான் எழ மறுக்கிறது.

யார் இந்த வெல்டா ரெம்பெல்? ஊருக்கு அவர் மருந்துக்கடை அம்மா. ஓய்வு பெற்ற மருந்தாளுநர். நமக்கோ, ஏவுமேடைக்குப் போகும் வழியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த காவல்தெய்வம்! முன்பெல்லாம் அவரைத் தாண்டாமல் எந்தப் பெரிய மோட்டாராவது மேலே போனதுண்டா?

ஆர்டிஸ் அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். ராக்கெட்டை எரிந்து உந்தும் மோட்டாரின் தலையில் கொஞ்சம் கருமருந்து இருக்கும். மோட்டார் எரிந்து முடிந்தபின் அது வெடித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும். அந்த வேலையை மின்னணுக் கருவியிடம் கொடுத்துவிட்டால், மோட்டாரின் கருமருந்தைக் கொட்டிவிட்டு, கிரீஸ் தடவித் துளையை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் நெருப்பு மேலேறிக் கருவியையே பொசுக்கும். கொட்டாவிட்டால் ஒரே உறையில் இரண்டு கத்தி. ராக்கெட் சீறிப் பாயும்போதே பாராசூட் பிய்ந்துகொண்டு வெளியே வரும். அப்புறம் அது யார் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் வெல்டா எல்லோரையும் கேட்டார்: “பொடியக் கொட்டியாச்சா?”

நம் சங்கத்துக் கார்வின் ஹெஸ்ஸையும் கேட்டார். கார்வின், உன்னைப் பற்றிச் சொல்ல நேற்றே உன்னிடம் அனுமதி வாங்கிவிட்டேன். தலையை நிமிர்த்தப்பா.

கார்வின் மின்னணுக் கருவி வைத்த தன் ஆளுயர ராக்கெட்டை ஏவ வந்த நாள் அது. அவன் தகப்பனார் எல்டன், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட் ஏவ அன்றைக்கு வாங்கியிருந்த வான்வெளி அனுமதி முடியும் நேரம். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

“கொட்டியாச்சு, வெல்டாம்மா. அடைச்சும் ஆச்சு.”

“கழட்டு. பாக்கணும்.”

“மோட்டார உள்ள ஏத்திப் பூட்டிட்டேனே! எங்கப்பா காத்துட்டு இருக்காரு.”

“தெரியுது. கழட்டு.”

கார்வின் வெடித்தான். “உங்களுக்குன்னு வீட்ல யாரும் கிடையாது. அதான் ஊர்ல இருக்கறவன் சந்தோஷத்தக் கெடுக்கறீங்க!”

வெல்டா ஸ்பேனரை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

கழற்றினான். மோட்டாரின் தலை சுத்தமாகக் காலியாக இருந்தது! துளை கச்சிதமாக அடைக்கப்பட்டிருந்தது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மறுபடி பூட்டுவதற்குள் அனுமதி முடிந்தது, மழையும் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் எல்டன் கண்ணை மூடினார். மகனின் ராக்கெட் பறப்பதை அவர் பார்க்கவே இல்லை.

அடக்கத்துக்கு வெல்டா வந்தார். கோழியும் நூடுல்ஸும் சமைத்துக் கொண்டுவந்து தேவாலய அடுக்களையில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பாத்திரம் மூடியபடியே திரும்பிப் போனது.

அதன்பின் நாம் என்ன செய்தோம்? நம் மோட்டார்களை நாமே பார்த்துக்கொண்டோம். அவர் மேசையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஆனால் அவர் வராத மாதம் உண்டா? காற்றில் மேசைவிரிப்பு பறக்காமல் நான்கு முனையிலும் கல் வைத்துவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கொண்டுவந்த ரொட்டியைத் தன் வண்டியின் பின்பலகையில் தனியாக உட்கார்ந்து தின்பார். மாலையில் மேசையை மடித்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒருநாள், கார்வின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த மேசைக்குப் போனான். சண்டை வரப்போகிறது என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

வெல்டாதான் முதலில் பேசினார். “அன்னிக்கு நான் செஞ்சது தப்பா, கார்வின்?”

“தெரியல.” அவன் மோட்டாரை மேசைமேல் வைத்தான். “அப்பா போனப்பறம் என்னய யாரும் எதுவும் கேக்கறதில்ல. சாப்பிட்டியான்னுகூடக் கேக்க ஆளில்ல. நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க. கழட்டட்டுமா?”

“கழட்டு,” என்றார் வெல்டா. “சாப்பிட்டியா?”

நான் திரும்பி வந்துவிட்டேன். அன்று கார்வினின் ராக்கெட் பறந்தது. கருவி சொன்ன இடத்தில் பாராசூட் விரிந்தது. இருவரும் கைதட்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நண்பர்களே! போன மாதம் வெல்டாவின் சொந்த ராக்கெட்டை நம் கான்சாஸ் காற்று ஓடைக்கு அப்பால் இழுத்துப்போனது. “போய் எடுத்துட்டு வந்துடறேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாம் தலையாட்டினோம். சாப்பாட்டு நேரமும் கடந்தது. “வெல்டாம்மா எங்க?” என்று கேட்டவன் கார்வின் ஒருவன்தான்.

அவன் போனபோது பாராசூட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் புல்மேல் அவர் சாய்ந்து கிடந்தார். ராக்கெட்டுக்குள் இருந்த கருவி, தான் எட்டிய உயரத்தைப் ‘பீப் பீப்’ என்று ஒலித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தானாம். நாங்கள் போய்ச் சேரும்வரை அவன் அதை அணைக்கவில்லை.

நெஞ்சடைப்பு. கூட ஆள் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார். ஐயா, பிழைப்பதற்கு மட்டுமா மனிதனுக்குக் கூட ஆள் வேண்டும்?

அழுது தீர்த்துவிட்டுக் கலைந்துபோக நான் உங்களைக் கூப்பிடவில்லை. இரண்டு உறுதிமொழி கேட்கிறேன். வேறொருவர் கண்ணால் பார்க்காமல் எந்த மோட்டாரும் இனி ஏவுமேடை ஏறாது. அந்த மேசையில் கார்வின் உட்காருவான். அவன் ‘கழட்டு’ என்றால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அடுத்தது, விழுந்த ராக்கெட்டை எடுக்க எவரும் தனியே போகக் கூடாது. அது எவ்வளவு பக்கத்தில் விழுந்தாலும் சரி.

சனிக்கிழமை லீலண்ட் மாடுகளை ஒதுக்கிவிட்டு வாயிற்கதவைத் திறந்து வைப்பார். வாருங்கள். கூட நடக்க ஆளில்லாதவர்கள் என் வண்டிக்கு வந்து கூப்பிடுங்கள். எனக்கு முட்டி சரியில்லை, மெதுவாகத்தான் நடப்பேன். கொஞ்சம் பொறுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.