அரிசி வந்த பேருந்து

…இவ்வளவு நேரம் விலை, போட்டி என்று பேசிவிட்டேன். பின்வரிசையில் இரண்டு கீரைக்கடை அக்காமார் கொட்டாவி விடுகிறார்கள், பார்த்துவிட்டேன். அதனால் ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். நடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், ஆளும் பேரும் நான் வைத்தது.

அய்யாறப்பன் என்று ஒரு எம்.எல்.ஏ. ஆற்றுப் பாசன ஊர்க்காரர். அரிசிப் பஞ்சம் வந்த காலம். ‘நம் மாவட்டத்து அரிசி வெளியே போகக் கூடாது, எல்லையில் செக்போஸ்ட் போடு’ என்று ஒரு சட்டம் வருகிறது. அதற்காகச் சட்டசபையில் ஒரு மணி நேரம் பேசியவர் இவர்தான். கெட்ட எண்ணமா? இல்லை. பதுக்குகிறவனைப் பிடிக்க வேண்டும் என்று மனசார நம்பினார்.

ஒரு நாள் மேற்கே ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். வழியில் கார் நின்றுவிட்டது. பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். குஞ்சம்மாள் என்று பேர். நிறைமாத வயிறு. எம்.எல்.ஏ எழுந்து இடம் கொடுத்தார்.

“உக்காரும்மா. எத்தனாவது மாசம்?”

“ஒம்போதுங்க.”

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சலசலவென்று ஒரு சத்தம்… என்ன சத்தம்? அவர் செருப்பின் மேல் புழுங்கலரிசி கொட்டுகிறது! சேலைக்குள் கட்டியிருந்த பை அவிழ்ந்துவிட்டது. பேருந்தே பார்த்தது. ஒருத்தர்… ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ஏன்? முக்கால்வாசிப் பேர் இடுப்பில் அரிசி!

அவர் குனிந்து, மெதுவாகக் கேட்டார். “ஏம்மா இப்படி? பிடிச்சா ஜெயில்னு தெரியாதா?”

“தெரியுங்க. வீட்ல ரெண்டு புள்ளைங்க தனியாக் கெடக்குது. நான் உள்ள போயிட்டா அதுங்களுக்குச் சோறு போட ஆளில்ல.”

“தெரிஞ்சுமா?”

“நம்மூர்ல படி ரெண்டு ரூவா. எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு ரூவா. ஏன் நாலு? அங்க அடுப்பு எரியலங்க. அந்த வெலதான் என்னைக் கூப்பிடுது. நான் போறேன். அவங்களுக்கும் கஞ்சி, எனக்கும் கஞ்சி. இதுல யாருங்க திருடன்?”

அய்யாறப்பன் தோள் துண்டை எடுத்துக் கொட்டிய அரிசி மேல் போட்டார். அவள் பையை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

செக்போஸ்ட் வந்துவிட்டது. கட்டை குறுக்கே கிடக்கிறது. கையில் தடியோடு ஒரு அதிகாரி ஏறினார். எம்.எல்.ஏவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“ஐயா! நீங்களா! உங்க சட்டம் பிரமாதமா வேலை செய்யுதுங்க. காலையிலேர்ந்து பதினோரு கேஸு. எல்லாம் பொம்பளைங்க!”

“லாரி எத்தனை பிடிச்சீங்க?”

“லாரியா…” அதிகாரி தலையைச் சொறிந்தார். “லாரி இந்தப் பக்கம் வர்றதில்லைங்க.”

சொல்லிக்கொண்டே தடியைக் குஞ்சம்மாள் பக்கம் நீட்டினார். “இந்தம்மா யாருங்க?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ‘தெரியாது’ என்று சொன்னால் போதும். இரண்டு பிள்ளைகளும் தெருவில்.

“என்கூட வர்றாங்க,” என்றார் அய்யாறப்பன். “கட்டையைத் தூக்குங்க.”

பேருந்து நகர்ந்தது. குஞ்சம்மாள் கும்பிட்டாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“நாளைக்கும் இந்த பஸ்ல வருவீங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள். அந்த மனிதர் கல்யாணத்தில் சாப்பிடவில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து நின்றார். “இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவன் நான். மீறியவனும் நான். எடுத்துவிடுங்கள்.” சபையே சிரித்தது. எதிர்வரிசையில் ஒரு இளைஞர் கத்தினார்: “எந்த மண்டிக்காரன் உங்களை வாங்கினான்?” சொந்தக் கட்சிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் விடவில்லை. காதுகுத்துக்குப் போனாலும் இதே பேச்சு, கட்சிக் கூட்டத்திலும் இதே பேச்சு. “கட்டை போட்ட பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அரிசி விலை இறங்கியதா, ஏறியதா? அதை மட்டும் சொல்லுங்க.” பெரிய பொருளாதாரச் சொற்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. ‘அப்போ ரேஷன் கடையையும் மூடிடலாமா?’ என்று மடக்கினார்கள். “மூடாதே. வாங்க முடியாதவனுக்குக் கொடு. ஆனால் கொண்டுவந்து கொடுக்கிறவளை ஏன் பிடிக்கிறே?” என்றார்.

அடுத்த தேர்தலில் சீட்டு போய்விட்டது. ஆனால் பேச்சு போகவில்லை. டீக்கடையில் பேசினார்கள், நெல் களத்தில் பேசினார்கள். சில வருஷம் கழித்து, அன்றைக்குக் கத்தினாரே அந்த இளைஞர், அவர் அமைச்சரானார். அவரே சட்டத்தை நீக்கினார். நீக்கும்போது பேசியது முழுக்க அய்யாறப்பன் பேச்சு. பேரை மட்டும் சொல்லவில்லை.

ஒருத்தர் ஓடிவந்து சொன்னார். “அண்ணே, உங்க பேச்சை அப்படியே திருடிட்டான்!”

“அது கெடக்கட்டும்யா. கட்டையைத் தூக்கிட்டானா?”

“தூக்கிட்டான்.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

இதில் என்ன தெரிகிறது? ஒரு புதுக் கருத்து நாட்டுக்குள் புத்தகம் வழியாக மட்டும் வருவதில்லை. அதிகாரத்தில் இருக்கிற ஒருத்தர், தான் போட்ட சட்டத்தில் மாட்டுகிற ஆளின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். ‘தப்பு செய்துவிட்டேன்’ என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்களும் யோசிக்கிறார்கள்.

இப்போது நம் சந்தைக்கு வருகிறேன். நம் சங்கச் செயலாளர் அண்ணன் கையில் நான்காவது தீர்மானம் இருக்கிறது. காலை வண்டியில் கீரை கொண்டுவருகிற வெளியூர்ப் பெண்களை இனி உள்ளே விடக் கூடாது என்று. அவர்கள் குறைத்து விற்பதால் நமக்கு அடி விழுகிறது, உண்மைதான். என் அம்மாவும் இதே சந்தையில்தான் கீரை விற்கிறார். அந்தக் கஷ்டம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதற்கு வேறு வழி தேடுவோம், உட்கார்ந்து பேசுவோம்.

அண்ணே, தீர்மானத்தைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்கள் ஏழு பேரும் இந்த மண்டபத்துக்கு வெளியேதான் வெயிலில் நிற்கிறார்கள். முதலில் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் படியுங்கள்.